மெய்க்கு அரை

டார்ட்டு நகரத்தில் டிசம்பர் வந்தால்
காலை எட்டும் இரவு எட்டும்
ஒரே கறுப்பு.
ஹில்யேவின் மாத்திரைப் பெட்டியில்
மேல்வரிசைக்குச் சூரியன், கீழ்வரிசைக்கு நிலா.
சன்னலுக்கு வெளியே இரண்டுமே இல்லை.
சமையலறை நாற்காலியில் கண்ணயர்ந்து எழுந்தவள்
தண்ணீர்க் குவளையோடு நிற்கிறாள்:
இது எந்த எட்டு?

வெள்ளை நீள்வட்டம் பதினோரு வருடத்துப் பழக்கம்.
அதற்குக் கோபம் அதிகம்.
போன வாரம் பனிக்காலணியில் ஜிப் சிக்கியதற்கு
மகனிடம் கத்தினாள்.
ஜிப்பிடம் உடனே மன்னிப்புக் கேட்டாள்,
மகனிடம் கேட்க இரவாகிவிட்டது.
இளஞ்சிவப்பு, கை நடுக்கத்துக்கு.
தீர்ப்பதற்கல்ல, தருவதற்கு.
மூன்றாவது செப்டம்பரில் சேர்ந்தது.
நான்காவது, முதல் மூன்றும் மூட்டும் வயிற்றெரிச்சலுக்கு.
இவை அத்தனையும் சேர்ந்து அரிக்கும் எலும்புக்கு
ஞாயிறுதோறும் ஒன்று.
கரண்டி என்ற சொல் ஒருநாள் வரவேயில்லை;
"சூப்புக்குத் துடுப்புப் போடுவோமே, அது" என்றாள்.
உக்கு எடுத்துக் கொடுத்தான், சிரிக்கவில்லை.
ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் அதிக நாகரிகம்.

மாத்திரை என்றால் தமிழில்
கண் இமைக்கும் நேரமும்கூட.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
எஸ்டோனிய மொழியிலும் குறில் நெடில் உண்டு,
நெடிலையும் தாண்டி மூன்றாவது நீளம் ஒன்றும் உண்டு.
அவள் இமைக்காமல் நின்றுபோன நேரங்களை
உக்கு கைபேசியில் அளந்து வைத்திருக்கிறான்.
நாற்பது நொடி. ஐம்பத்திரண்டு.
அதற்கு எந்த இலக்கணத்திலும் எழுத்தில்லை.

மூன்றாவது உள்ளே போன பத்தாம் நாள்
நகர மண்டபத்து மணிகள் தவறாக அடித்தன,
அரைச்சுரம் கீழே.
அஞ்சல் கிடங்கில் பொட்டலம் பிரிக்கையில்
கருவியின் பீப் ஒலியும் ஒரு படி இறங்கியிருந்தது.
உக்குவின் குரல்கூட
யாரோ கொஞ்சம் மூத்த பையனுடையது.

செவ்வாய்க்கிழமைப் பாடகர் குழுவில்
பியானோ இல்லாமல், இசைக்கவை இல்லாமல்
முதல் சுரம் தருபவள் அவள்தான்,
இருபது வருடமாக.
அன்று தந்ததைப் பிடித்துக்கொண்டு
இருபத்தாறு பேரும் ஏறினார்கள்.
மூன்றாம் அடியில் ஊர்வேயின் கழுத்து நரம்பு புடைத்தது;
உச்சியில் குரல்கள் காற்றில்லாமல் தத்தளித்தன.
நடத்துநர் ஆகோ கையை இறக்கினார்.
பையிலிருந்து இசைக்கவையை எடுத்து முட்டியில் தட்டி
ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கம் நீட்டினார்.
இரும்பு பொய் சொன்னது.
இரும்புக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

"மாதத்துக்கு எத்தனை முறை?" என்றார் டாக்டர் லோக்.
முன்பு ஏழு. இப்போது ஒன்று.
"காது திரும்ப வேண்டுமென்றால் மாற்றிப் பார்க்கலாம்.
ஆறு வாரம், படிப்படியாக.
ஏழும் திரும்பலாம்."
தட்டச்சில் விரல் வைத்துக் காத்திருந்தார்.
ஹில்யே கோட்டின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள்,
மறுபடி போட்டாள்.
வேண்டாம் என்றுதான் சொன்னாள்.
வெளியே பேருந்து நிறுத்தத்தில்
அழுததற்குக் காரணம் வெள்ளை மாத்திரையாகவும் இருக்கலாம்.
எது தான், எது மாத்திரை என்று
பிரித்துக் காட்டும் கிடங்கு இல்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில்
மனம் சரியென்று காட்டும் சுரத்திலிருந்து
அரையைக் கழித்துப் பாடுகிறாள்.
காதுக்குப் பொய்.
இருபத்தாறு பேர் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள்,
அது தாங்குகிறது.
அவளுக்கு மட்டும் பாட்டு முழுக்கக்
கால் ஊன்றாத குளிர்.

பெட்டியைத் திறக்கிறாள்.
வியாழன், சூரியன்: காலி.
அப்படியென்றால் இது நிலா.
ஐந்தில் மூன்றை உள்ளங்கையில் கொட்டி
வாய்வரை கொண்டுபோனபோது
பக்கத்து அறையில்
உக்கு பள்ளிப்பையைத் தேடுகிற சத்தம்.

நிலாவைத் திரும்பக் கொட்டுகிறாள்.
இளஞ்சிவப்பு ஒன்று ஈரக்கையில் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்கிறது.